மூன்றாவது வாரம்தான் பரீட்சை: புதிதாக ஜாப் கோச் ஆகிறவர்களுக்கு

மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்பு முகாம் முடிகிற சாயங்காலம் மேடையில் ஒரு போட்டோ எடுப்பார்கள். பணி ஆணையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். அந்தப் போட்டோவில் இருந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் அதே வேலையில் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. நானும் முதல் ஒரு வருடம் எண்ணவில்லை. எண்ணத் தொடங்கிய பிறகுதான், வேலை வாங்கிக் கொடுப்பது மொத்த வேலையில் கால்வாசிகூட இல்லை என்பது உறைத்தது.

இது, தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்திலோ சிறப்புப் பள்ளியிலோ ஜாப் கோச்சாக, அதாவது மாற்றுத்திறனாளிக்கு வேலை தேடிக் கொடுத்து, வேலையிடத்திலேயே கூட இருந்து கற்றுக் கொடுப்பவராக, புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதுவது. தம்பிக்காகவோ மகளுக்காகவோ தாமே வேலை தேடி அலைகிறவர்களுக்கும் பயன்படும். மெழுகுவர்த்தி, காகிதப் பை செய்கிற தனிப் பட்டறைகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. எல்லோரும் வேலை செய்கிற கடை, ஓட்டல், ஆஸ்பத்திரி, கம்பெனி ஆகிய இடங்களில் எல்லோருக்கும் கொடுக்கிற சம்பளத்தில் வேலை என்பதுதான் பேச்சு.

"இன்னும் தயாராகவில்லை" என்பதை நம்பாதீர்கள்

பழைய முறை இப்படி இருந்தது: முதலில் பயிற்சி, பயிற்சி முடிந்து தயாரானதும் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். நடைமுறையில், பதினெட்டு வயதில் பயிற்சி மையத்துக்கு வந்தவர் முப்பது வயதிலும் அங்கேயே உறை ஒட்டிக்கொண்டிருப்பார். "இன்னும் கொஞ்சம் கவனம் வரணும்" என்று ஒவ்வொரு வருட அறிக்கையிலும் எழுதியிருக்கும்.

இதைத் திருப்பிப் போட்டதுதான் இன்றைய முறை. முதலில் வேலை, பயிற்சி அந்த வேலையிடத்திலேயே. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். மையத்தில் தரை துடைக்கக் கற்றதை ஓட்டல் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பயன்படுத்துவது அவர்களில் பலருக்குக் கடினம். ஓட்டல் அறையிலேயே கற்றால் அந்தச் சிக்கலே எழாது. மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் இதே பாதையில் ஒரு முறையை அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் 1990களில் வகுத்தார்கள். அதன் முதல் விதி எளிது: வேலை வேண்டும் என்று கேட்கிறவர் எவரும் தகுதியானவர். "நோய் முழுக்கக் குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

ஆளைத் தெரிந்துகொள்ள இரண்டு வாரம்

கையில் ஒரு மருத்துவச் சான்றிதழ் வரும். அதில் 60 சதவீதம், 75 சதவீதம் என்று இருக்கும். அரசுச் சலுகைக்கு அந்த எண் தேவை. வேலை தேட அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. அந்த ஆளால் என்ன முடியும், எங்கே முடியும் என்பதை அது சொல்லாது.

அதனால் வீட்டுக்குப் போங்கள். ஒரு தடவை இல்லை, வெவ்வேறு நேரங்களில் மூன்று நான்கு தடவை. "உனக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்று மட்டும் தொடங்காதீர்கள். நான்கு வேலைகளைக்கூடப் பக்கத்தில் நின்று பார்த்திராதவர் அதற்கு என்ன சொல்வார்? "கம்ப்யூட்டர் வேலை" என்பார், டிவியில் பார்த்தது அதுதானே.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தது ஒரு கோயில் அன்னதானம். பள்ளிக் குறிப்பில் அந்தப் பையனைப் பற்றி, ஒரு வேலையில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டான் என்று எழுதியிருந்தார்கள். அன்னதானத்தில் அவன் இலை போட்டான், ஒவ்வொரு இலைக்கும் தம்ளர் வைத்தான், மூன்று பந்திக்கு ஒரு சொட்டு சிந்தாமல் தண்ணீர் ஊற்றினான். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். பள்ளிக் குறிப்பு பொய் இல்லை, உட்கார மாட்டான் என்பது உண்மைதான். நின்று, நடந்து, ஆட்களுக்கு நடுவில் செய்கிற வேலை வேண்டும் என்பதை அந்தக் குறிப்பிலிருந்து யாரும் படித்தெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். காலையில் எத்தனை மணிக்குத் தானாக எழுகிறார்? பஸ்ஸில் தனியாகப் போயிருக்கிறாரா? மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறாரா? எவ்வளவு நேரம் நிற்க முடியும்? கழிவறைக்கு உதவி வேண்டுமா? போனில் என்னவெல்லாம் செய்கிறார்? ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியுமா? அப்புறம், அந்த வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது? அப்பா சரி என்றாலும் பாட்டி வேண்டாம் என்றால் நடக்காத வீடுகள் நிறைய உண்டு. அதை வேலைக்குச் சேர்ந்த பிறகு கண்டுபிடிப்பது செலவு பிடித்த பாடம்.

பார்த்ததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நோயின் பெயரை வைத்து எழுதாமல், கண்ணால் கண்டதை வைத்து எழுதுங்கள். "மிதமான அறிவுசார் குறைபாடு" என்பதற்குப் பதில், "செய்து காட்டினால் இரண்டாம் தடவையிலேயே பிடித்துக்கொள்வார், வாயால் மட்டும் சொன்னால் மறந்துவிடுவார், அவசரப்படுத்தினால் அப்படியே நின்றுவிடுவார்." இதைப் படிக்கிற மேலாளருக்கு நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும்.

தாள்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை வேண்டும். இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆதார், அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ஆகியவையும் வேண்டும். நம் ஊரில் எப்போதும் காலை வாருவது இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், மாற்றுச் சான்றிதழில் ஒரே எழுத்தாக இருக்கும், வங்கியில் முன்னால் இருக்க வேண்டியது பின்னால் இருக்கும். பி.எஃப். எண் வாங்கும்போது எல்லாம் சிக்கிக்கொள்ளும். வேலை கிடைப்பதற்கு முன்னாலேயே சரி செய்துவிடுங்கள்.

ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டில் சேர மற்றவர்களுக்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. சில கணக்காளர்களுக்கே இது தெரியாது, எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டார் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வி உண்டு: "வேலைக்குப் போனால் அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற பணம் நின்றுவிடுமா?" யார் பெறுவது எந்த உதவித்தொகை என்பதைப் பொறுத்து விதி மாறும். ஊகத்தில் பதில் சொல்லாமல், அவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்கு அவர்களுடனேயே போய்க் கேளுங்கள். இந்தப் பயம் தீராமல் வேலைக்குப் போனவரை, வீடே இரண்டாவது மாதம் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும்.

வேலை எங்கே இருக்கிறது

முகாம்களுக்குப் போங்கள், தப்பில்லை. சென்னையில் எபிலிட்டி ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வேலைவாய்ப்புச் சந்தைகள் நடத்தி வந்திருக்கின்றன. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் ஆகிய இடங்களில் பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது. அரசு வேலை என்றால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் பார்வை, செவி, உடலியக்கக் குறைபாடுகளுக்குத் தலா ஒரு சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து மீதி ஒரு சதவீதம். தேர்வு எழுத முடிகிறவர்கள் எழுதட்டும். ஆனால் அதை மட்டுமே நம்பிப் பத்து வருடம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் அதிகம் நம்புவது நடையைத்தான். அவர் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருக்கிற ஒவ்வொரு கடையையும் கம்பெனியையும் கால் வலிக்கப் பாருங்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருகிற ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் கிடையாது. ஆகவே ஒரே டவுன் பஸ் என்பது பெரிய விஷயம். இரண்டு பஸ் மாற வேண்டிய நல்ல வேலையைவிட, ஒரே பஸ்ஸில் போகும் சுமாரான வேலை நிலைக்கிறது.

"ஆள் தேவை" பலகை இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, எந்த வேலை தேங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் பார்மசிஸ்ட்டே உட்கார்ந்து அட்டைப் பெட்டி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாளில் மூன்று மணி நேரம் அதற்கே போனது. அங்கே "வேலை காலியில்லை" என்றுதான் சொன்னார்கள். நான்கு பேரிடம் சிதறிக் கிடந்த பெட்டி பிரிப்பது, அடுக்குவது, ரேக் துடைப்பது, காலி அட்டையைக் கட்டுவது எல்லாவற்றையும் திரட்டினால் ஒருவருக்கு முழுநாள் வேலை இருந்தது. அதைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகு காலியிடம் பிறந்தது.

முதலாளியிடம் என்ன பேசுவது

"புண்ணியம் உங்களுக்கு" என்ற வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். புண்ணியத்துக்கு எடுத்த ஆளை வியாபாரம் குறையும்போது முதலில் அனுப்புவார்கள். முழுச் சம்பளமும் தர மாட்டார்கள், "ஏதோ நம்மால் முடிந்தது" என்று ஒரு தொகையைக் கையில் வைப்பார்கள்.

பேச்சை வேலையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கடையில் இந்த வேலை தேங்குகிறது, அதைச் செய்ய ஒருவர் இருக்கிறார், முதல் சில வாரம் நான் கூடவே இருந்து கற்றுக் கொடுப்பேன், அதற்கு உங்களுக்குச் செலவில்லை. அவ்வளவுதான். அவர்கள் கேட்கும் கேள்விகள் ஊருக்கு ஊர் ஒன்றுபோலவே இருக்கும். "கஸ்டமர் ஏதாவது சொன்னால்?", "அடிபட்டுவிட்டால் யார் பொறுப்பு?", "கோபம் வருமா?" இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். அடிபட்டால், ஈ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் மற்ற ஊழியருக்கு என்னவோ அதுவே இவருக்கும். கோபம் வருமா என்றால், எப்போது வரும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் ஒரு பக்கக் குறிப்பில் இருப்பதைச் சொல்லுங்கள். "வரவே வராது" என்று பொய் சொன்னால் அடுத்த ஆளுக்கும் அந்தக் கதவு மூடும்.

ஒரு எச்சரிக்கை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வேலைக்குப் போகிறவர். மனநலச் சிகிச்சையில் இருப்பவர் விஷயத்தில் இது இன்னும் கண்டிப்பு. "மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக லீவு வேண்டும், காலை ஷிஃப்ட் ஒத்துவராது" என்று மட்டும் சொன்னால் போதும் என்றால், அதற்கு மேல் நீங்கள் வாய் திறக்கக்கூடாது. மாத்திரையால் காலையில் தூக்கம் அழுத்துவது எல்லோருக்கும் தெரிய வேண்டிய சேதி இல்லை.

பெரிய கம்பெனி என்றால் எச்.ஆரிடம் அவர்களுடைய சம வாய்ப்புக் கொள்கையைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு எல்லா நிறுவனங்களும் அதை வெளியிட வேண்டும் என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ இருக்கிற தனியார் நிறுவனங்களில், மாற்றுத்திறனாளிகளுக்கு எந்தெந்தப் பணிகள் பொருந்தும், என்ன வசதிகள் உண்டு, தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மிரட்டுவதற்காகக் கேட்க வேண்டாம். கேட்கிற விதத்தில் கேட்டால், "அப்படி ஒன்று இருக்கிறதா? நீங்களே எழுத உதவுங்களேன்" என்பார்கள். உள்ளே நுழைய அதைவிட நல்ல வழி இல்லை.

நேர்காணலைக் கூடிய மட்டும் தவிர்த்து, வேலை செய்து காட்டுவதாக மாற்றக் கேளுங்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு ஆட்டிசம் உள்ளவர் பிறந்த தேதியிலிருந்து தொடங்கலாம், அல்லது வாயே திறக்காமல் இருக்கலாம். அதே ஆளிடம் நூறு பில்லைக் கொடுத்து எண்வாரியாக அடுக்கச் சொன்னால் கதை வேறு. ஆனால் சோதனை என்ற பெயரில் ஒரு மாதம் சும்மா வேலை வாங்க விடாதீர்கள். ஒன்றிரண்டு நாள், அதற்கு மேல் என்றால் சம்பளத்தோடு.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது

ஜாப் கோச்சின் தொழில் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். 1970களில் மார்க் கோல்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், எதையும் கற்க முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக் கொடுத்தார். வேலையைச் சின்னப் படிகளாக உடைத்து, அதிகம் பேசாமல், தப்பு செய்தால் "வேற மாதிரி செஞ்சு பாருங்க" என்று மட்டும் சொல்லிச் சொல்லியே கற்றுக் கொடுத்தார். கற்கவில்லை என்றால் கற்றுக் கொடுத்த விதத்தில்தான் கோளாறு என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

முதலில் அந்த வேலையை நீங்களே ஒரு நாள் முழுக்கச் செய்யுங்கள். பார்த்து எழுதினால் போதாது. சூப்பர்மார்க்கெட்டில் பருப்பு பாக்கெட் அடுக்குவதை எடுத்துக்கொள்வோம். "ரேக்கை நிரப்பு" என்று மேற்பார்வையாளர் ஒரே வார்த்தையில் சொல்வார். அதை நான் எழுதியபோது இப்படி வந்தது:

1. ரேக்கில் எந்த வரிசையில் இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பது.
2. சரக்கறைக்குப் போய், படத்தில் இருக்கிற அதே பாக்கெட் உள்ள பெட்டியை எடுப்பது.
3. பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து, ரேக்குக்கு இடப்பக்கம், வாடிக்கையாளர் நடக்க வழி விட்டு நிறுத்துவது.
4. ரேக்கில் ஏற்கெனவே இருக்கிற பாக்கெட்டுகளை எல்லாம் முன்னால் இழுப்பது.
5. புதிய பாக்கெட்டுகளைப் பின்னால் வைப்பது.
6. பெயர் தெரியும்படி திருப்புவது.
7. காலிப் பெட்டியை மடித்து வண்டியின் கீழ்த்தட்டில் வைப்பது.

நான்காவதும் ஐந்தாவதும்தான் இடறும் இடம். பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால் என்பது தேதி படிக்கத் தெரியாதவருக்கு எப்படிப் புரியும்? படிக்கவே வேண்டாம் என்பதுதான் அந்தப் படியின் அழகு: ரேக்கில் இருப்பதை முன்னே இழு, வண்டியில் இருப்பதைப் பின்னே வை. தேதி தானாகச் சரியாகிவிடும். சரக்கறையில் பெட்டிகள் கலந்து கிடந்த ஒரு கடையில் மாதத்துக்கு ஒரு நிற ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னோம். பிறகு மற்ற ஊழியர்களும் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

கற்றுக் கொடுக்கும்போது குறைவாகப் பேசுங்கள். முதலில் செய்து காட்டுங்கள், அப்புறம் சேர்ந்து செய்யுங்கள், அப்புறம் விரலால் சுட்டினால் போதும், கடைசியில் அதுவும் வேண்டாம். எந்தப் படியில் எந்த அளவு உதவி தேவைப்பட்டது என்று தினமும் ஒரு தாளில் குறியுங்கள். "நன்றாகச் செய்கிறார்" என்று எழுதுவது குறிப்பு இல்லை.

சின்ன மாற்றங்கள்

சட்டம் இதை நியாயமான வசதி செய்தல் என்கிறது. கேட்டதும் முதலாளிக்கு இலட்சக்கணக்கில் செலவு கண்ணில் தெரியும். பெரும்பாலும் அப்படி இல்லை.

பார்வையற்றவர் கம்ப்யூட்டரில் வேலை செய்ய திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆனால் அந்தக் கம்பெனி பயன்படுத்தும் மென்பொருள் அதோடு ஒத்துப்போகிறதா என்பதைச் சேர்வதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சோதித்துவிடுங்கள். பொத்தான்களுக்குப் பெயர் வைக்காத மென்பொருளில் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும்தான் அது படிக்கும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதில் ஒன்றும் செய்ய முடியாது.

காதுகேளாதவர் என்றால் "எழுதிக் காட்டிவிடலாம்" என்பார்கள். சைகை மொழியிலேயே வளர்ந்தவர் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. நீளமான வாக்கியம் புரியாமல், கூச்சத்தில் தலையாட்டிவிடுவார்கள். சின்ன வாக்கியம், படம், வீடியோ காலில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் ஆகியவை உதவும். கூட வேலை செய்கிறவர்களுக்கு இருபது சைகைகளாவது சொல்லிக் கொடுங்கள். புதுதில்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் வீடியோ அகராதியில் பத்தாயிரம் சொற்கள் இருக்கின்றன. குழுவின் வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மெசேஜ் போடக்கூடாது என்பதை முதல் நாளே விதியாக்குங்கள். ஷிஃப்ட் மாறியதை வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டு, மறுநாள் வராத ஆளுக்கு மெமோ கொடுத்த இடம் ஒன்று உண்டு.

சக்கர நாற்காலி என்றால் சாய்தளக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்: ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றடி நீளத்தில் கட்டிவிட்டு "சாய்தளம் இருக்கே" என்பார்கள், அது சறுக்கு மரம். விரல்ரேகை வருகைப் பதிவு இயந்திரம் எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தினமும் காலையில் வேறொருவரைக் கெஞ்ச வேண்டியிருந்தால் ஒரு மாதத்தில் மனசு விட்டுவிடும். கழிவறையை நீங்களே போய்ப் பார்க்காமல் எந்தப் பெண்ணையும் எந்த இடத்திலும் சேர்க்காதீர்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம் வரை வேலை செய்தவர்கள், காரணம் சொல்லாமலேயே நின்றுவிடுவார்கள்.

மூன்றாவது வாரம்

முதல் வாரம் எல்லோரும் அன்பாக இருப்பார்கள். இரண்டாவது வாரம் பொறுமையாக இருப்பார்கள். மூன்றாவது வாரத்தில்தான் அவர் சாதாரண ஊழியர் ஆகிறார், சாதாரணத் திட்டும் விழத் தொடங்குகிறது. உங்கள் போன் அடிக்கும்: "சார், உங்க பையன் இன்னிக்கு லேட்டு."

அந்த "உங்க பையன்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அவர்களைப் பொறுத்தவரை அவர் இன்னும் உங்கள் ஆள்தான், அவர்கள் ஆளாகவில்லை. நான் ஆரம்பத்தில் அந்தப் போன் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவேன், பொறுப்பாக நடந்துகொள்கிறேன் என்ற நினைப்பு. ஆறு மாதம் கழித்து மேலாளர் அந்தப் பையனிடம் நேராக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எல்லாவற்றையும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வேறு மாவட்டத்தில் வேலை மாறியதும் அவன் வேலையும் போனது. தப்பு என்னுடையது.

இப்போது சொல்லும் பதில் இது: "மற்றவர்கள் லேட்டாக வந்தால் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள். அவரிடமே கேளுங்கள். புரியவில்லை என்றால் சாயங்காலம் நான் வருகிறேன்." முதல் வாரத்திலேயே அங்கே இருக்கிற ஒருவரைக் கண்டுபிடித்துவிடுங்கள். மேலாளர் வேண்டாம். பக்கத்தில் நின்று வேலை செய்கிற, கொஞ்சம் பொறுமையுள்ள ஒரு அக்காவோ அண்ணனோ போதும். கற்றுக் கொடுக்கும்போது அவரையும் கூட வைத்துக்கொண்டு, மெதுவாக உங்கள் இடத்தை அவரிடம் விடுங்கள். முதல் வாரம் முழுநாள், மூன்றாவது வாரம் பாதிநாள், இரண்டாவது மாதம் வாரம் ஒரு தடவை, அப்புறம் மாதம் ஒரு போன். ஆளைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். ஆனால் குறைந்துகொண்டே போக வேண்டும்.

மதியச் சாப்பாட்டை ஒரு நாள் தள்ளி நின்று பாருங்கள். யாருடன் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறார்? காதுகேளாத ஊழியர்கள் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுப் போவதற்கு நான் பார்த்த முதல் காரணம், நாள் முழுக்கப் பேச ஆளில்லாததுதான். முடிந்தால் ஒரே இடத்தில் இரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள்.

காலண்டரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடித் தள்ளுபடி தொடங்கும் முன் ஜவுளிக்கடையிலும் சூப்பர்மார்க்கெட்டிலும் ரேக்குகளை எல்லாம் மாற்றிப் போடுவார்கள், பாட்டுச் சத்தம் கூடும், புதுப் பையன்கள் வருவார்கள். ஒரே ஒழுங்கை நம்பி வேலை செய்கிற ஆட்டிசம் உள்ளவருக்கு அன்று கடையே வேறு கடை. மாற்றப்போவதை ஒரு வாரம் முன்பே சொல்லச் சொல்லுங்கள், முந்தின நாள் ராத்திரி அவரைக் கூட்டிப்போய் புது அமைப்பைக் காட்டுங்கள். தீபாவளி நெரிசல், மழைக்காலத்தில் பஸ் தடம் மாறுவது, மேலாளர் மாறுவது ஆகியவையும் இதே வகை. அதிலும் மேலாளர் மாறுவது ஆபத்தானது. பழையவருக்குத் தெரிந்த எதுவும் புதியவருக்குத் தெரியாது. சேதி வந்த அன்றே அந்த ஒரு பக்கக் குறிப்பை எடுத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். குறிப்பைத் தருவதற்கு முன் வேலையில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். மொத்தமும் வீட்டுக்கே போய், டீ குடிக்கக்கூட அவரிடம் பத்து ரூபாய் இல்லையென்றால், எதற்காக வேலைக்குப் போகிறோம் என்பது அவருக்குப் புரியாமலே போகும். முதல் சம்பளத்தில் அவர் கையால் அவருக்குப் பிடித்த ஒன்றை வாங்கட்டும். வீட்டாரோடு இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பிரச்சினை பெரிதானால்

கேலி, சம்பளப் பாக்கி, காரணமில்லாமல் நிறுத்துவது இவையெல்லாம் நடக்கும். முதலில் உள்ளேயே எழுத்தில் கொடுங்கள். தீரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும். அரசுப் பணியில் இருக்கும்போது விபத்தாலோ நோயாலோ குறைபாடு ஏற்பட்டால், அதைக் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். "தானாக விலகிவிடுங்கள்" என்று எழுதி வாங்கப் பார்க்கும்போது கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் முதல் உதவி. அந்தச் சேதியைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி வையுங்கள்.

வேலையை விட்டுவிட்டால்

விடுவார்கள். யாரும் முதல் வேலையிலேயே ஓய்வு பெறுவதில்லை, நீங்களும் நானும் உட்பட. ஏன் என்று இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டு, ஒரு பக்கக் குறிப்பைத் திருத்தி எழுதுங்கள். அடுத்த வேலைக்கு அது முன்னதைவிடச் சரியாகப் பொருந்தும்.

அன்னதானத்துப் பையன் ஒரு சைவ ஓட்டலில் மேசை எடுக்கும் வேலையில் ஒன்றரை வருடம் இருந்தான். திடீரென்று ஒரு நாள் வரவில்லை என்று ஓட்டலிலிருந்து போன். பதறிப்போய் வீட்டுக்குப் போனால், அவன் அம்மா சிரிக்கிறார். எதிர்த்த தெரு ஓட்டலில் ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று அவனே போய்ப் பேசிச் சேர்ந்துவிட்டானாம். எனக்குச் சொல்லவில்லை, பழைய முதலாளிக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் போகக்கூடாது என்று அவனுக்கு எடுத்துச் சொல்லி, பழைய இடத்துக்குக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்கவும் வைத்தேன். எங்கள் மாதாந்தரப் படிவத்தில் "வேலையில் உள்ளார்", "வேலை இழந்தார்" என்று இரண்டே கட்டங்கள்தான். நான் ஓரத்தில் மூன்றாவதாக ஒன்று வரைந்து, "தானே தேடிக்கொண்டார்" என்று எழுதினேன். நீங்கள் படிவம் அச்சடிக்கும்போது அதையும் சேர்த்தே அச்சடித்துவிடுங்கள்.